குளுக்கோஸிலிருந்து பாலிமர்: வேலூர்ப் பக்கத்துப் புராஜெக்ட் மாணவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

வேலூர், காட்பாடி, சேர்க்காடு, ராணிப்பேட்டை வட்டாரத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டுக்கு வந்து, பாலிமரில் ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குளுக்கோஸில் ஓர் இரட்டைப் பிணைப்பைப் பொருத்தி அதை மோனோமராக்குவது (சங்கிலியில் கோக்கக்கூடிய ஒற்றைக் கண்ணியாக்குவது), அந்த மோனோமரைச் சங்கிலியாகக் கோப்பது, கடைசியில் தண்ணீரில் கரையும் பாலிமராக வெளியே எடுப்பது: இவ்வளவுதான் வேலை. பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒழுங்காகக் காற்றை இழுக்கும் ஃபியூம் ஹூட், கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் ரோட்டாவேப், மேக்னடிக் ஸ்டிரர், நைட்ரஜன் சிலிண்டர், கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகடு இருந்தால் போதும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். மட்டும் பெரும்பாலும் வெளியே கொடுத்து எடுக்க வேண்டியிருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கும் சைஃப் என்ற பகுப்பாய்வுக் கருவி மையத்தில் கட்டணம் கட்டி எடுக்கலாம்.

கிளவுஸ், கண்ணாடி, கோட் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். கையில் வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் முதல் தடவை ரியாக்‌ஷன் போட வேண்டும். தாளில் படித்துக்கொண்டு தனியாக இறங்கும் வேலை இல்லை இது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

குளுக்கோஸில் ஐந்து ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. இரட்டைப் பிணைப்பைத் தரும் மெத்தாக்ரிலிக் அன்ஹைட்ரைடை நேராகக் குளுக்கோஸ் மேல் ஊற்றினால் அது எதில் வேண்டுமானாலும் போய் ஒட்டும். ஒரு மூலக்கூறில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு, வேறொன்றில் மூன்று என்று கலவையாக வரும். ஒரே சர்க்கரையில் இரண்டு இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது இரண்டு சங்கிலிகளைப் பிணைத்துவிடும். குடுவைக்குள் இருப்பது ஜெல்லாக இறுகும், அப்புறம் எந்தக் கரைப்பானிலும் கரையாது. என்.எம்.ஆர். எடுக்க முடியாது, மூலக்கூறு எடையை அளக்கும் ஜி.பி.சி. எடுக்க முடியாது, ஆய்வேட்டில் எழுத ஒன்றும் மிஞ்சாது.

இந்தக் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துகிற இடமும் உண்டு. சானிடைசர் ஜெல்லைக் கெட்டியாக்கும் கார்போமர் வகைகளில் சிலவற்றில், பாலிஅக்ரிலிக் அமிலச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைப்பது பல அல்லைல் தொகுதிகள் பொருத்திய சுக்ரோஸ்தான். அங்கே ஜெல் வேண்டும், அதனால் போடுகிறார்கள். நமக்கு வேண்டியது கரையக்கூடிய சங்கிலி. ஆகவே ஒரு சர்க்கரைக்கு ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு. கீழே வரும் படிகள் எல்லாமே இதற்காகத்தான்.

எந்த இரட்டைப் பிணைப்பு என்பதும் முக்கியம். குளுக்கால் என்ற சேர்மத்தில் வளையத்துக்குள்ளேயே இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அதைப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால் அது ரேடிக்கல் முறையில் (இணையில்லாத எலக்ட்ரான் உள்ள துகள் சங்கிலியை வளர்க்கும் முறையில்) தனியாகச் சங்கிலியாக வளர மறுக்கும். அல்லைல் ஈதர் செய்வது சுலபம். ஆனால் வளரும் ரேடிக்கல் பக்கத்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயே ஓய்ந்துவிடும், குட்டைச் சங்கிலிதான் கிடைக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு என் பரிந்துரை மெத்தாக்ரிலேட்தான். நன்றாக வளரும், என்.எம்.ஆரில் தெளிவாகத் தெரியும், படிக்கக் கட்டுரைகளும் ஏராளம்.

முதல் படி: நான்கை மறைத்து ஒன்றை விடுவது

குளுக்கோஸை அசிட்டோனுடன் அமிலத் தன்மையுள்ள வினையூக்கி போட்டுக் கலக்கினால், இரண்டு அசிட்டோன் மூலக்கூறுகள் நான்கு ஹைட்ராக்சில்களைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து அணு வளையமாக மாறிய குளுக்கோஸின் மூன்றாம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் ஒன்று மட்டும் சும்மா இருக்கும். இதுதான் டைஅசிட்டோன் குளுக்கோஸ். எமில் ஃபிஷர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே செய்து காட்டிய பொருள்.

இங்கே எதிரி தண்ணீர். அசிட்டோன் ஹைட்ராக்சில்களைப் பிடிக்கும் இந்தப் பிணைப்பு, அதாவது அசிட்டால், உருவாகும்போது தண்ணீர் வெளியேறும். தண்ணீர் ஏற்கனவே இருந்தால் வினை பின்னோக்கி ஓடும். பல மாணவர்கள் கோட்டை விடுவது குளுக்கோஸ் டப்பாவைத் தேர்ந்தெடுப்பதில்தான். டெக்ஸ்ட்ரோஸ் மோனோஹைட்ரேட் என்று லேபிளில் இருந்தால் அதன் எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் தண்ணீர். பார்க்க உலர்ந்த வெள்ளைத் தூள்தான், ஆனால் உள்ளே தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. நீரற்ற டெக்ஸ்ட்ரோஸ் என்று கேட்டு வாங்குங்கள். மருந்துக்கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடி வேண்டாம், அதில் வேறு பொருள்களும் சேர்ந்திருக்கும்.

அம்முண்டி சர்க்கரை ஆலை பக்கத்திலேயே இருக்கிறதே, அந்தச் சர்க்கரையிலேயே தொடங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் அது சுக்ரோஸ். எட்டு ஹைட்ராக்சில், அதோடு அமிலம் பட்டால் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடையும். இந்த முறைக்கு ஒத்துவராது.

அளவுகள்: நீரற்ற குளுக்கோஸ் 15 கிராம், உலர்த்திய அசிட்டோன் 100 மி.லி., நீரற்ற துத்தநாகக் குளோரைடு 12 கிராம், 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 0.75 கிராம். துத்தநாகக் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் தராசுத் தட்டிலேயே பிசுபிசுத்துவிடும். பாட்டிலைத் திறந்து, சட்டென்று எடை போட்டு, உடனே அசிட்டோனில் சேர்த்துவிடுங்கள். அது கரைந்ததும் குளுக்கோஸையும் அமிலத்தையும் போட்டு, குடுவையை மூடி, அறை வெப்பத்தில் 30 மணி நேரம் நன்றாகக் கலக்க வேண்டும். 30 மணி நேரம் என்பதால், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று செய்தித்தாளில் பார்த்துக்கொண்டு நாள் குறியுங்கள். ஸ்டிரர் நின்றால் குளுக்கோஸ் அடியில் படிந்து சும்மா கிடக்கும்.

30 மணி நேரம் கழித்தும் கரையாத குளுக்கோஸ் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். வடிகட்டி எடுத்துவிடுங்கள். வடிநீரைப் பனிக்கட்டியில் குளிரவைத்து, 8.5 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை அதே அளவு தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். லிட்மஸ் காகிதம் லேசாகக் காரத்தைக் காட்ட வேண்டும். இதில் அவசரம் கூடாது. அமிலம் மிச்சமிருக்கும்போது அசிட்டோனை ஆவியாக்கினால், கஷ்டப்பட்டுப் போட்ட அசிட்டால்கள் கழன்றுவிடும். துத்தநாகம் வெள்ளையாகப் படியும். அதை வடிகட்டி, அசிட்டோனால் கழுவி, கரைப்பானை ரோட்டாவேப்பில் எடுத்துவிடுங்கள்.

மிஞ்சியதில் 15 மி.லி. தண்ணீர் ஊற்றி, டைகுளோரோமீத்தேனில் மூன்று முறை பிரித்தெடுங்கள். ஒரே ஓர் அசிட்டோன் பிடித்த குளுக்கோஸ் தண்ணீர்ப் பக்கம் நிற்கும், இரண்டு பிடித்தது கரைப்பான் பக்கம் வரும். இயற்கையே பிரித்துக் கொடுக்கிறது. உலர்த்தி, ஆவியாக்கி, சைக்ளோஹெக்சேனிலோ ஹெக்சேனிலோ மறுபடிகமாக்கினால் வெள்ளை ஊசிகள். உருகுநிலை 110 டிகிரி அருகில் கூர்மையாக இருக்க வேண்டும். கணக்குப்படி வர வேண்டிய 21.7 கிராமில் பாதி வந்தாலே நல்ல வேலை.

நேரம் இல்லையென்றால் டைஅசிட்டோன் குளுக்கோஸை விலைக்கே வாங்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு முறையாவது கையால் செய்து பாருங்கள். சர்க்கரை வேதியியலில் பாதி, எந்த ஹைட்ராக்சிலை எப்படி மறைப்பது என்பதுதான்.

இரண்டாம் படி: இரட்டைப் பிணைப்பைப் பொருத்துவது

டைஅசிட்டோன் குளுக்கோஸ் 5.2 கிராம், அதாவது 20 மில்லிமோல். பிரிடின் 25 மி.லி. மெத்தாக்ரிலிக் அன்ஹைட்ரைடு 4.6 கிராம், அதாவது 30 மில்லிமோல். 65 டிகிரியில் 4 மணி நேரம். மெத்தாக்ரிலாயில் குளோரைடை விட அன்ஹைட்ரைடு மெதுவானது, ஆனால் கண்ணை அந்தளவு எரிக்காது. புதியவர்களுக்கு அதுவே நல்லது. பிரிடின் நாற்றம் துணியில் ஏறினால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போய்விடுவார். ஹூட்டை விட்டு எதையும் வெளியே எடுக்காதீர்கள்.

டி.எல்.சி.யில் இரண்டு தகடுகள் ஓட்டுங்கள். ஒன்றை 10 சதவீதக் கந்தக அமிலம் கலந்த எத்தனாலில் நனைத்துச் சூடாக்கினால் சர்க்கரை உள்ள புள்ளிகள் எல்லாம் கருகும். அடியில் இருக்கும் டைஅசிட்டோன் குளுக்கோஸ் புள்ளி மங்கிக்கொண்டே வர, அதற்கு மேலே புதுப் புள்ளி கருத்துக்கொண்டே வரும். இன்னொரு தகட்டைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் நனையுங்கள். ஊதாப் பின்னணியில் அதே மேல் புள்ளி உடனே மஞ்சளாகத் தெளியும், கீழ்ப் புள்ளி தயங்கும். கருகுவதால் அது சர்க்கரை, மஞ்சளாவதால் அதில் இரட்டைப் பிணைப்பு. ஒரே புள்ளி இரண்டுக்கும் பதில் சொன்னால் மோனோமர் உருவாகிவிட்டது என்று நம்பலாம்.

பிறகு 10 மி.லி. தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கலக்குங்கள், மிச்ச அன்ஹைட்ரைடு அழியும். பெட்ரோலியம் ஈதரில் பிரித்தெடுத்து, 5 சதவீதச் சோடியம் ஹைட்ராக்சைடால் மூன்று முறை கழுவினால் மெத்தாக்ரிலிக் அமிலம் போய்விடும். அப்புறம் தண்ணீர், சோடியம் சல்பேட், ரோட்டாவேப். குளியல் 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். சிறிய அளவுக்கு சிலிக்கா காலம் (column, சிலிக்கா நிரப்பிய குழாய்) ஓட்டித் தூய்மைப்படுத்துவதே என் விருப்பம். வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்கும்போது சூட்டில் குடுவையிலேயே பாலிமராகிவிடும் அபாயம் இருக்கிறது.

முழுதாக வந்தால் 6.6 கிராம். தானாகப் பாலிமராகாமல் தடுக்கச் சிட்டிகை ஹைட்ரோகுயினோன் போட்டு, இருட்டில், ஃபிரிட்ஜில் வையுங்கள். வேலூர் வெயில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அப்போது பாலிமரைசேஷனுக்குப் போடும் வெப்பத்துக்கும் ஷெல்ஃப் வெப்பத்துக்கும் இடைவெளி அதிகமில்லை. ஹைட்ரோகுயினோன் போட்ட மோனோமரை அடுத்த படிக்கு எடுக்கும்போது, ஒரு சிறிய அலுமினா காலம் வழியே இறக்கி அதை நீக்கிவிட வேண்டும்.

மூன்றாம் படி: சங்கிலி கோப்பது

மோனோமர் 1.64 கிராம், 5 மில்லிமோல். வினையைத் தொடங்கிவைக்கும் ஏ.ஐ.பி.என். 8.2 மில்லிகிராம், மோனோமரில் 1 மோல் சதவீதம். அனிசோல் 4 மி.லி. டயாக்சேனும் ஆகும். ஆனால் பழைய டயாக்சேன் பாட்டிலில் பெராக்சைடு சேர்ந்திருக்கும், சோதிக்காமல் தொடக் கூடாது.

ஏ.ஐ.பி.என். சூட்டில் உடைந்து நைட்ரஜனை வெளிவிட்டு ரேடிக்கல் தருகிறது. 65 டிகிரியில் அதில் பாதி உடைய ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும். இதைத் தெரிந்துகொண்டால் எவ்வளவு நேரம் வைப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம். வெளியே வெயிலில் கிடந்த பழைய ஏ.ஐ.பி.என்.னை நம்பாதீர்கள். மெத்தனாலில் மறுபடிகமாக்கி, ஃபிரிட்ஜில் வைத்ததை எடுங்கள்.

இந்தப் படியில் எதிரி மாறுகிறது. இதுவரை தண்ணீர், இனிமேல் ஆக்சிஜன். வளரும் ரேடிக்கலை ஆக்சிஜன் பிடித்துக்கொண்டு, சங்கிலி வளர்க்கத் தெரியாத பெராக்சி ரேடிக்கலாக்கிவிடும். எதுவும் நடக்காதது போலப் பல மணி நேரம் குடுவை அப்படியே இருக்கும். செப்டம் (ஊசி குத்தக்கூடிய ரப்பர் மூடி) மாட்டிய குடுவையில் நீண்ட ஊசியைத் திரவத்தின் அடி வரை இறக்கி, இன்னொரு சின்ன ஊசியை வெளியேறும் வழியாக வைத்து, நைட்ரஜனை 30 நிமிடம் மெதுவாகக் குமிழ விடுங்கள். குடுவையைப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு செய்தால் கரைப்பான் இழப்பு குறையும். முதலில் வெளியேறும் ஊசியை எடுக்கக் கூடாது, அழுத்தம் ஏறிவிடும். திரவத்துக்குள் இருக்கும் ஊசியை மேலே தூக்கிவிட்டு, வெளியேறும் ஊசியை எடுத்து, உடனே நைட்ரஜன் ஊசியையும் எடுத்துவிடுங்கள். செப்டத்தைச் சுற்றிப் பாராஃபிலிம் சுற்றிவிடுங்கள்.

65 டிகிரி எண்ணெய்க் குளியலில் இரவு முழுவதும். காலையில் ஸ்டிரர் மணி சுற்றத் திணறினால் நல்ல செய்தி. திரவம் தடித்திருக்கிறது என்று பொருள். பனிக்கட்டியில் வைத்துக் காற்றைத் திறந்துவிட்டால் வினை நின்றுவிடும்.

ஒரு கண்ணாடிக் குச்சியளவுக்கு எடுத்து என்.எம்.ஆருக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பத்து மடங்கு குளிர்ந்த பெட்ரோலியம் ஈதரில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 60-80 டிகிரியில் கொதிக்கும் ரகம் வாங்குங்கள். 40-60 ரகம் நம்மூர் வெயிலில் ஊற்றும்போதே கொதிக்கும். சொட்டு விழுந்த இடத்தில் பாலிமர் வெள்ளை இழையாகத் திரண்டு, அச்சிலிருந்து பிழியும் இடியாப்பம் போலச் சுருண்டு இறங்கும். மோனோமர் ஈதரிலேயே கரைந்து நின்றுவிடும். இழையாக வராமல் பசைபோல ஒட்டினால் கரைசல் நீர்த்திருக்கிறது அல்லது ஈதர் போதவில்லை. வடிகட்டி, கொஞ்சம் அசிட்டோனில் கரைத்து, இன்னொரு முறை ஈதரில் விழவையுங்கள். வெற்றிடத்தில் 40 டிகிரியில் உலர்த்துங்கள்.

எடுத்து வைத்த மாதிரியின் என்.எம்.ஆரில் 5.6, 6.1 பி.பி.எம். அருகே இரண்டு கூர்மையான சிகரங்கள் இருந்தால் அவை மிச்ச மோனோமரின் இரட்டைப் பிணைப்பு ஹைட்ரஜன்கள். 5.9 அருகே வருவது சர்க்கரையின் முதல் கார்பன் ஹைட்ரஜன். அது மோனோமரிலும் உண்டு, பாலிமரிலும் உண்டு. இரட்டைப் பிணைப்பின் ஒரு சிகரப் பரப்பை இதோடு ஒப்பிட்டால் எத்தனை சதவீதம் மாறியது என்று கிடைத்துவிடும். தூய்மையாக்கிய பாலிமரில் 5.6, 6.1 இரண்டும் இருக்கக் கூடாது, மற்ற சிகரங்கள் அகன்று தெரிய வேண்டும். ஜி.பி.சி.யில் வரும் மூலக்கூறு எடை பாலிஸ்டைரீனை அளவுகோலாக வைத்துச் சொல்வது. ஆய்வேட்டில் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

நான்காம் படி: மறைத்ததைத் திறப்பது

இப்போது கையில் இருப்பது தண்ணீரில் கரையாத பாலிமர். அசிட்டோன் காப்புகளைக் கழற்றினால்தான் சர்க்கரை வெளியே வரும். இதற்கு 80 சதவீத ஃபார்மிக் அமிலம் போதும். நமக்கு இது வசதி: ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளுக்கு ஃபார்மிக் அமிலம் அன்றாடப் பொருள், கெமிக்கல் கடைகளில் 85 சதவீதம் கிடைக்கும். அதில் 100 கிராமுக்கு 6.25 கிராம் தண்ணீர் சேர்த்தால் 80 சதவீதம். முடிவுகளை வெளியிடப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஆய்வகத் தரம் வாங்குங்கள். தோலில் பட்டால் கொப்புளிக்கும், ஆவி மூக்கை அரிக்கும், கவனம்.

பாலிமர் 1 கிராமை 40 மி.லி. அமிலத்தில் போட்டு அறை வெப்பத்தில் 48 மணி நேரம் கலக்கி, பிறகு தண்ணீர் சேர்த்து இன்னும் 3 மணி நேரம். அசிட்டால்கள் கழன்று அசிட்டோனாகப் போய்விடும். மெத்தாக்ரிலேட் எஸ்டர் இந்த மிதமான அமிலத்தில் தாங்கும். ஐந்து அணு வளையத்தில் அடைபட்டிருந்த சர்க்கரை தன் வழக்கமான ஆறு அணு வளையத்துக்குத் திரும்பும். சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் ஊற்றி, தண்ணீரைப் பலமுறை மாற்றி, வெளித்தண்ணீரில் அமிலத் தன்மை இல்லை என்று பி.ஹெச். தாள் சொல்லும் வரை வைத்து, உறைய வைத்து உலர்த்துங்கள். உறை உலர்த்தி இல்லையென்றால் கரைசலைச் சுருக்கி அசிட்டோனில் விழவைக்கலாம்.

1 கிராம் போட்டு 0.7 கிராம் வந்தால் மனம் தளராதீர்கள். காப்புகள் கழன்றதில் எடை குறைகிறது. முழுதாக வந்தாலே 0.76 கிராம்தான். ஐ.ஆர். (அகச்சிவப்பு) நிறமாலையில் 3400 அருகே அகன்ற ஹைட்ராக்சில் பட்டை எழும்ப வேண்டும், 1720 அருகே எஸ்டர் பட்டை நிற்க வேண்டும். என்.எம்.ஆரில் 1.2 முதல் 1.5 வரை இருந்த ஐசோபுரொப்பிலிடின் மெத்தில் சிகரங்கள் மறைய வேண்டும். மறையவில்லையென்றால் இன்னும் ஒரு நாள் அமிலத்தில் வையுங்கள்.

கழிவு

டைகுளோரோமீத்தேன் ஒரு கேனில், மற்ற கரைப்பான்கள் இன்னொரு கேனில், துத்தநாகப் படிவு தனியாக. எதுவும் சிங்க்கில் போகக் கூடாது. தோல் கழிவால் பாலாறு கெட்டதற்காகத்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்த வழக்கில்தான். இந்த ஊரில் வேதியியல் படிக்கிற நாம் 50 மி.லி.தானே என்று ஊற்றக் கூடாது.

இதோடு சேர்த்து ஒன்று. சர்க்கரை இருப்பதால் இந்தப் பாலிமர் மக்கும் என்று போஸ்டரில் எழுதிவிடாதீர்கள். பக்கவாட்டில் தொங்குவதுதான் சர்க்கரை. முதுகெலும்பு கார்பன்-கார்பன் பிணைப்பு. நுண்ணுயிர் எஸ்டரை உடைத்துச் சர்க்கரையைத் தின்றாலும் அந்த முதுகெலும்பு அப்படியே கிடக்கும். தண்ணீரில் கரைவது வேறு, மக்குவது வேறு. தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து என்ன செய்யலாம்

புரதத்தோடு ஒட்டுகிறதா என்று பார்க்க ஆசையிருந்தால், இந்த மோனோமரோடு நிற்காதீர்கள். கான்கனாவலின் ஏ போன்ற புரதங்கள் குளுக்கோஸின் 3, 4, 6-ஆம் ஹைட்ராக்சில்களைத்தான் பிடிக்கும். நாம் மூன்றாவதைச் சங்கிலிக்குக் கொடுத்துவிட்டோம். கேலக்டோஸைக் கான்கனாவலின் ஏ பிடிக்காது, ஆனால் அதைப் பிடிக்கும் வேறு புரதங்கள் உண்டு; அசிட்டோன் காப்பை அந்தக் கேலக்டோஸில் போட்டால் ஆறாம் கார்பனின் ஹைட்ராக்சில் சும்மா நிற்கும். அது முதல்நிலை ஆல்கஹால் என்பதால் மெத்தாக்ரிலேட்டும் சுலபமாக ஏறும். ஆனால் அது படிகமாகாமல் பாகாக வரும், சிலிக்கா காலம் ஓட்டியே ஆக வேண்டும்.

காப்பே வேண்டாம் என்பவர்களுக்கு குளுகோனோலேக்டோன் வழி இருக்கிறது. அதை அமினோஎத்தில் மெத்தாக்ரிலேட் ஹைட்ரோகுளோரைடோடு, ட்ரைஎத்திலமீன் சேர்த்து மெத்தனாலில் போட்டால், அமீன் லேக்டோன் வளையத்தைத் திறந்து அமைடு ஆகும். ஹைட்ராக்சில்கள் குறுக்கே வராது. ஒரே படியில் மோனோமர்; தண்ணீர் கலந்த கரைப்பானிலேயே பாலிமராக்கலாம். புராஜெக்டுக்கு நான்கே மாதம் இருந்தால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

நேரமும் மோனோமரும் மிஞ்சினால், மூன்றாம் படியில் இரண்டு இரட்டைப் பிணைப்பு உள்ள எத்திலீன் கிளைக்கால் டைமெத்தாக்ரிலேட் 1 மோல் சதவீதம் மட்டும் சேர்த்து ஜெல் ஒன்று செய்து, காப்பைக் கழற்றி, உலர்ந்த எடையையும் தண்ணீர் குடித்து ஊறிய எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2, 5 சதவீதத்திலும் அதையே செய்து வரைபடம் போட்டால் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் ஆகும். உலர்ந்த மாதிரியைத் திறந்து வைத்து எடை போடாதீர்கள், காற்றின் ஈரத்தையே குடித்து எடை ஏறிக்கொண்டிருக்கும். டெசிகேட்டரிலிருந்து எடுத்த கையோடு, மூடிய எடைக்குப்பியில் போட்டு எடை பாருங்கள்.